தங்கூசி வலையும் 3.8 கிலோமீட்டரும்

கொங்கு நாட்டில், நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் நெடுந்தூர டிரையத்லானுக்குத் தயாராகிறவர் மிதிவண்டிக்கும் ஓட்டத்துக்கும் இடம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழைந்து பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்றை எதிர்த்து நாற்பது கிலோமீட்டர் மிதித்தவரின் தொடைக்கு அதன் அருமை தெரியும். மலை வேண்டுமென்றால் ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஓடுவதற்குக் கீழ்பவானி வாய்க்கால் கரை 200 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. முட்டுவது தண்ணீரில்தான். எங்களுக்குக் கடல் இல்லை. வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் வருகிறது. வரும்போது இழுப்பும் அதிகம். நிற்கும் தண்ணீர் என்று பார்த்தால் குளமோ ஏரியோ அணையோ, எதுவானாலும் அங்கே நமக்கு முன்பே ஒருவர் வலை போட்டிருக்கிறார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி விடியலில் எனக்கு இது புரிந்தது. ஊர்ப் பக்கத்துக் குளத்தின் நடுவாக்கில் நீந்திக்கொண்டிருந்தேன். முன்னே போன வலது கை திரும்பி வரவில்லை. கைக்கடிகாரத்தின் குமிழில் ஏதோ நூல் மாட்டியிருந்தது. உதறினேன், இடது கையும் மாட்டிக்கொண்டது. உதைத்தேன், கணுக்காலில் சுற்றியது. நீச்சல் கண்ணாடி வழியே எவ்வளவு பார்த்தும் பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பரிசலில் வந்துகொண்டிருந்த மீனவ அண்ணன் ஒருவர் தூரத்திலிருந்தே சொன்னார்: "தம்பி, இழுக்காதே. இழுத்தால் இறுகும். மல்லாந்து படு." படுத்தேன். இரண்டு நிமிடத்தில் பிரித்துவிட்டார். வலையை மூன்று இடங்களில் நான் கிழித்திருந்தேன். அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லாமல், கிழிசலுக்குள் விரல்களை நுழைத்து அளந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஓர் எண்ணம் உறுதியாக இருக்கிறது. உள்நாட்டில் திறந்த நீரில் பயிற்சி எடுப்பவர் கை வீசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே மீன்பிடி முறைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த வலை எங்கே கிடக்கும், எப்போது போடுவார்கள், எப்போது எடுப்பார்கள் என்று தெரியாமல் இறங்கினால் நமக்கு உயிர்ப்பயம், அவருக்குப் பொருள் நஷ்டம்.

பந்தயக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹவாயின் ஓவாஹூ தீவில் கடல் நீச்சல் போட்டி, தீவைச் சுற்றும் மிதிவண்டிப் போட்டி, ஹொனலூலு மாரத்தான் என்று மூன்று தனித்தனிப் போட்டிகள் நடந்துவந்தன. கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்துச் செய்தால் என்ன என்று கேட்டார்கள். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலர் எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 46 நிமிடம் 58 விநாடி. அந்தத் தூரங்களே இன்றும் முழுத் தூரமாக நிலைத்திருக்கின்றன: 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, 42.2 கிலோமீட்டர் ஓட்டம். வழக்கமான கெடு 17 மணி நேரம். அதற்குள் நீச்சலை மட்டும் 2 மணி 20 நிமிடத்தில் முடித்துவிட வேண்டும். பாதித் தூரப் பந்தயத்தில் இவை 1.9, 90, 21.1 கிலோமீட்டர். கோவாவின் மிராமர் கடற்கரையில் 2019இல் தொடங்கியது இந்தப் பாதித் தூரம்தான். ரயில் ஏறிப் போய்வரலாம் என்பதால் இங்கிருப்பவர்கள் பலருக்கு அதுதான் முதல் குறி.

மொத்த நேரத்தில் நீச்சல் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனாலும் எங்கள் பக்கத்தில் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கத் தயங்குகிறவர்கள் எல்லோரும் தயங்குவது அந்த ஒரு பங்குக்காகவே. இத்தனைக்கும் கிணற்றில் நீந்திப் பழகாத கொங்குக் குழந்தைகள் ஒரு காலத்தில் குறைவு. இடுப்பில் சுரைப்புருடையை, அதாவது காய்ந்த சுரைக்காய்க் கூட்டை, கட்டி இறக்கிவிடுவார்கள். ஒரு வாரம் அதோடு தத்தளித்த பிள்ளை அடுத்த வாரம் மோட்டார் கொட்டகைக் கூரையிலிருந்து குதிக்கும். நானும் அப்படிப் பழகியவன்தான். அந்த நீச்சல் தண்ணீர்ப் பயத்தைப் போக்கிவிடுகிறது. எத்தனை ஆள் ஆழமானாலும் மனம் பதறாது. நகர நீச்சல் குளத்தில் மட்டும் பழகியவருக்கு இது எளிதில் வாய்க்காது.

ஆனால் கிணற்று நீச்சலில் தலை எப்போதும் தண்ணீருக்கு மேலே இருக்கும். தலை ஏறினால் இடுப்பு இறங்கும். உடம்பு சாய்ந்த பலகைபோல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் தண்ணீரின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. அதனால் நெடுந்தூர நீச்சலில் கூடுதல் பலத்தைக் காட்டுவதைவிட, உடம்பைப் படுக்கைவாக்கில் நீட்டி எதிர்ப்பைக் குறைப்பதில்தான் லாபம். முகம் தண்ணீருக்குள், பார்வை அடிமண்ணை நோக்கி, மூச்சு பக்கவாட்டில். கால்களை மெல்ல அசைத்தால் போதும். அவற்றுக்கு மிதிவண்டியும் மாரத்தானும் காத்திருக்கின்றன. ஏழெட்டு வீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் மேலே தூக்கித் திசை பார்க்க வேண்டும். இதைப் பழகக் கிணறு போதாது, 25 மீட்டர் குளமும் போதாது. சுவரில் உதைத்துத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் ஓய்வு கிடைத்துவிடுகிறது. சுவரே இல்லாத தண்ணீர் வேண்டும்.

ஏரிக்கு வருவது அப்படித்தான். பெரிய அணைகளை நினைக்கக்கூடாது. மேட்டூர், பவானிசாகர், அமராவதி நீர்த்தேக்கங்களில் இறங்கிக் குளிக்கவே தடை உண்டு. அமராவதியிலும் பவானிசாகரிலும் முதலைகளும் இருக்கின்றன. கோவை நகரத்துக் குளங்களில் சாக்கடையும் ஆகாயத்தாமரையும். நொய்யல் ஆற்றின் நிலை எல்லோருக்கும் தெரிந்தது. அதன் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயக்கழிவின் தொட்டியாக மாறியதை எங்கள் தலைமுறை கண்ணால் பார்த்தது. கழித்துக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது சில ஊர்க்குளங்கள்தான். அவை மீன் குத்தகையில் இருக்கும்.

அங்கே கிடப்பது பெரும்பாலும் செவுள் வலை. நரம்பு வலை, தங்கூசி வலை என்றும் சொல்வார்கள். ஒற்றை இழை நைலான். தண்ணீருக்குள் போனால் நம் கண்ணுக்குத் தெரியாது, இருட்டில் மீனுக்கும் தெரியாது. மேல் விளிம்பில் மிதவை, கீழ் விளிம்பில் ஈயக்குண்டு. இரண்டுக்கும் நடுவே வலை திரைச்சீலைபோல் நிற்கும். அது மீனைத் துரத்துவதில்லை. நீந்தி வரும் மீனின் தலை வலையின் கண்ணுக்குள், அதாவது நூல்களுக்கு இடையிலான ஓட்டைக்குள், நுழைகிறது, பருத்த உடம்பு நுழைவதில்லை. பின்வாங்கப் பார்த்தால் செவுள் மூடி நூலில் மாட்டிக்கொள்கிறது. மீன் எவ்வளவு உதறுகிறதோ அவ்வளவு இறுகும். என் கைக்கு நடந்ததும் இதுதான். கடிகாரக் குமிழ்தான் என் செவுள்.

இந்த வலையின் நுட்பம் கண்ணின் அளவில் இருக்கிறது. கண் பெரிதானால் குஞ்சு தப்பும், சிறிதானால் பெரிய மீன் மூக்கை இடித்துத் திரும்பிவிடும். எந்தக் கண்ணுக்கு எந்த எடை மீன் விழும் என்பது அனுபவப்பட்டவருக்கு அத்துப்படி. தென்னிந்திய நீர்த்தேக்கங்களில் ரங்கூன் வலை என்று ஒன்றும் புழக்கத்தில் உண்டு. அதற்குக் கீழ்க் கயிறு கிடையாது. அடிப்பக்கம் தளர்ந்து தொங்கும். செவுளில் மாட்டாத மீனும் அதன் மடிப்பில் சுருண்டுவிடும். நீந்துகிறவருக்கு இதுதான் கூடுதல் ஆபத்து, விறைப்பான வலையைவிடத் தொய்ந்த வலை உடம்பில் அதிகம் சுற்றும்.

நைலான் வருவதற்கு முன் வலைகள் பருத்தியிலும் சணலிலும் முறுக்கிய நூலால் ஆனவை. மரப்பட்டைச் சாயத்தில் ஊறவைத்து, ஒவ்வொரு முறையும் வெயிலில் காயவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் மக்கிவிடும். தடித்த நூல் என்பதால் தெளிந்த தண்ணீரில் மீன் பார்த்து விலகிவிடும். நைலான் மீனவருடைய உழைப்பைப் பாதியாக்கியது, பிடிப்பைக் கூட்டியது. ஒன்றை மட்டும் அது மறந்தது, மக்குவதை. அறுந்துபோன நைலான் வலைத் துண்டு ஏரியின் அடியில் கிடந்து, எடுக்க ஆளில்லாமல், மீன் பிடித்துக்கொண்டே இருக்கும். ஆமையும் நீர்க்காகமும் அதில் மாட்டிச் சாவதைப் பார்த்திருக்கிறேன். கோடையில் தண்ணீர் வற்றும்போது கருவேலஞ்செடிகளில் வெள்ளை நூல் கொத்துக் கொத்தாகத் தொங்கும். நாங்கள் ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரையில், கரையோரம் நடந்து அதைச் சேகரிக்கிறோம். கடந்த முறை இரண்டு சாக்கு நிறைந்தது.

அடுத்தது நேரம். செவுள் வலையைப் பொழுது சாயும்போது போட்டு, விடியும்போது எடுப்பார்கள். இரவில் மீன் இரைதேடிக் கரைப்பக்கம் நகரும். இருட்டில் வலையும் தெரியாது. டிரையத்லான்காரர்கள் தண்ணீரில் இறங்குவதும் அதே ஐந்தரை மணிக்குத்தான். வேலைக்குப் போவதற்கு முன் நீந்தி முடிக்க வேண்டும், வெயில் ஏறக்கூடாது, காற்று எழும்பக்கூடாது. ஒரு நாளில் வலை முழுதாகத் தண்ணீருக்குள் நிற்கும் கடைசி ஒரு மணி நேரமும் நாம் நீந்த விரும்பும் முதல் ஒரு மணி நேரமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன.

இடம் மூன்றாவது. மீன் எங்கே கூடுகிறதோ அங்கே வலை இருக்கும். மூழ்கிய மரங்கள், பழைய ஆற்றுத் தடம், நீர் வந்து சேரும் வாய். அணைகளில் இதை வெளிப்படையாகப் பார்க்கலாம். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டபோது முழுகிய ஊர்களின் அடையாளமாக, தண்ணீர் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டுகின்றன. பவானிசாகர் வற்றினால் டணாய்க்கன் கோட்டைக் கோயில் தெரியும். பத்திரிகைகள் அந்தப் படங்களை வெளியிடும்போது ஊர் உலகம் வியக்கும். அந்தக் கற்களுக்கு நடுவில் மீன் ஒதுங்கும் என்பதும், அங்கே போட்ட வலை சிக்கிக் கிழியும் என்பதும் பரிசல்காரருக்குத் தண்ணீர் நிறைந்திருக்கும்போதே தெரியும். கரையில் இருக்கும் ஒரு பனையையும் ஒரு பாறையையும் நேர்கோட்டில் வைத்து இடம் குறித்துக்கொள்வார். நீச்சல்காரர் திசை பார்ப்பதும் இதே முறையில்தான். எனக்கு அதைச் சரியாகச் சொல்லிக் கொடுத்தவர் பயிற்சியாளர் இல்லை, வலையைப் பிரித்துவிட்ட அந்த அண்ணன்தான்.

மற்ற முறைகளால் நீந்துகிறவருக்குப் பெரிய தொந்தரவு இல்லை. வீச்சுவலை கரையோரத்திலும் ஆழமில்லாத இடத்திலும் வீசப்படுவது. வட்ட வலையின் ஒரு பகுதியைத் தோளிலும் முழங்கையிலும் போட்டு உடம்பைச் சுழற்றி விசிறினால், ஓரத்து ஈயக்குண்டுகள் விரிந்து குடைபோல் விழும். கொடிவேரி அணைக்கட்டுப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். அந்தச் சுழற்சியில் தோளுக்கு வேலை குறைவு, இடுப்புக்குத்தான் வேலை. நீச்சல் வீச்சும் இடுப்பிலிருந்து புரண்டு வரவேண்டும் என்று பல மாதம் சொல்லியும் ஏறாத புத்தி, ஒருநாள் வீச்சுவலை போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏறியது. தூண்டில்காரர்கள் கரையில் தெரிவார்கள், நாம் விலகிப் போகலாம். சேற்றுக் குட்டையில் கூடையைக் கவிழ்த்து மேல்வாய் வழியே கையை விட்டு விராலைத் துழாவும் ஊத்தா, நீந்தும் ஆழத்துக்கு வராது. மீன் பிடிக்க வெடிமருந்துத் தோட்டா போடுவதும் தண்ணீரில் நஞ்சு கலப்பதும் குற்றம். 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்பிடிச் சட்டமே இரண்டையும் தடுத்துவிட்டது. காக்கைக்கொல்லி விதையை இடித்துக் கரைத்து மீனை மயக்கும் பழைய வழக்கமும் அந்தத் தடைக்குள் வருவதுதான். தோட்டா வெடிக்கும் தண்ணீரில் இருப்பவருடைய செவிப்பறையும் நுரையீரலும் மீனின் காற்றுப்பை போலவே கிழியும். அப்படி ஒரு பேச்சு காதில் விழுந்த குளத்தில் இறங்கவே கூடாது.

குத்தகைதாரர் ஏன் நம்மைக் கண்டால் முகம் சுளிக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். ஊர்க்குளத்தில் இருக்கும் மீன் தானாக வந்தது என்று நாம் நினைக்கிறோம். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கத்திப் பேராறுகளின் மீன்கள். புது வெள்ளத்தில்தான் முட்டையிடும், தேங்கிய குளத்தில் இனம் பெருக்காது. 1957இல் ஹிராலால் சௌத்ரி ஒடிசாவில் ஊசி மூலம் இவற்றை முட்டையிடச் செய்து காட்டிய பிறகுதான் குஞ்சு உற்பத்தி பெருகியது. குத்தகைதாரர் ஏலத்தொகை கட்டி, பண்ணைக் குஞ்சு வாங்கி விட்டு, ஓராண்டு காத்திருந்து பிடிக்கிறார். குளத்தில் தானாகவே வேகமாகப் பெருகுவது 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை. வாயிலேயே முட்டையை அடைகாக்கும் அந்த மீன் இருந்த நாட்டுக் கெண்டைகளை ஓரங்கட்டிவிட்டது என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் அன்றாடக் கூலிக்குப் பிடிப்பவருக்குக் கை கொடுப்பதும் அதுதான். இப்படி முதல் போட்டவருடைய குளத்தில், இருட்டில், அறிமுகம் இல்லாத நான்கு பேர் ரப்பர் தொப்பியோடு இறங்கினால் அவர் திருடன் என்று நினைப்பதில் என்ன தவறு? மாட்டிய வலையைக் கத்தியால் அறுத்துவிட்டு வந்ததைப் பெருமையாகச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவரோடு நான் நீந்தப் போவதில்லை.

கடலுக்குப் போனால் கணக்கு மாறுகிறது. உப்புத்தண்ணீர் கூடுதலாக மிதக்கவைக்கும். குளத்தில் பழகிய இடுப்பு கடலில் தானாக மேலே வரும். பெருந்தொழில் மீன்பிடிப்பு எதுவும் நீச்சல்காரர் கையில் தட்டுப்படாது. விசைப்படகின் இழுவை மடி கடலடியை வாரிக்கொண்டு போவதும், மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடிக்கயிற்றைச் சுருக்கும் சுருக்குமடியும், நீண்ட கயிற்றில் ஏராளமான கொக்கிகள் கட்டிய ஆயிரங்கால் தூண்டிலும் கரையிலிருந்து தள்ளி நடப்பவை. கரையோரக் கடலை நாட்டுப் படகுகளுக்கு ஒதுக்கும் ஏற்பாடு 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்திலேயே வந்துவிட்டது. கரையில் நாம் பார்க்க வேண்டியது கரைவலையை. படகில் கொண்டுபோய் அரைவட்டமாக வலையை இறக்கி, இரு முனைக் கயிற்றையும் கரையில் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். கயிறு நீண்டு கிடக்கும்போது நடுவில் நீந்திக் கடக்கக் கூடாது. கயிற்றின் இரண்டு முனையிலும் ஆள் நிற்பது தெரிந்தால் அந்தப் பக்கம் இறங்காமல் இருப்பதே சரி.

நம் கையில் தட்டாத அந்தப் பெரிய முறைகள் நம் தட்டுக்கு வந்துவிடுகின்றன. கோவை உக்கடம் மீன் சந்தைக்கு இரு கடலிலிருந்தும் சரக்கு வருகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை. அது முடிவதற்குள் கேரளத்தில் இழுவை மடித் தடை தொடங்கிவிடும். சுருக்குமடியைத் தமிழக அரசு 2000இல் தடை செய்தது. 2023இல் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள் என்று நிபந்தனையோடு இடைக்கால அனுமதி தந்தது. கடல் வரத்து குறையும் மாதங்களில் அணை மீனுக்கும் குளத்து மீனுக்கும் கிராக்கி ஏறும், குளத்தில் வலை கூடும். ஆகவே சித்திரையிலும் வைகாசியிலும் நாங்கள் குளத்துப் பக்கம் போவதைக் குறைத்துக்கொள்கிறோம். தண்ணீரும் அப்போது இறங்கித்தான் இருக்கும்.

இப்போது எங்கள் குளத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. முந்தின நாள் மாலையே அண்ணனிடம் கேட்டுவிடுகிறோம். வலையின் தலைமாட்டில் அவர் சிவப்பு டப்பா கட்டுகிறார். மற்றபடி அவருடைய மிதவைகள் தண்ணீர்ப் பாட்டில்களும் தெர்மாகோல் துண்டுகளும்தான், புதிதாக வருகிறவர் குப்பை என்று நினைத்து ஊடே போய்விடுவார். நாங்கள் ஆறரைக்கு மேல், அவர் வலையை எடுத்தபின், மதகை ஒட்டிய பக்கம் மட்டும் நீந்துகிறோம். கையில் கடிகாரம் கட்டுவதில்லை, இடுப்பில் ஆரஞ்சு நிற மிதவை இழுத்துச் செல்கிறோம். மாட்டிக்கொண்டால் உதைக்காமல் மல்லாந்து, வந்த வழியிலேயே பின்னோக்கி நகர்ந்து, மேல் கயிற்றைத் தலைக்கு மேல் தூக்கி வெளியே வர எல்லோரும் பழகியிருக்கிறோம். நீண்ட நீச்சலுக்கு அவருடைய பரிசலே பாதுகாப்புப் படகு. மூங்கில் பின்னலுக்கு மேல் முன்பு தோல் போர்த்தினார்கள், இவருடையது தார் பூசிய சாக்கு. வட்டமாக இருப்பதால் நின்ற இடத்திலேயே எந்தப் பக்கமும் திரும்பும், களைத்தவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம். அதற்கு ஒரு நாள் கூலி கொடுத்துவிடுகிறோம்.

பௌர்ணமியை ஒட்டிய நான்கைந்து இரவுகளில் அவர் வலை போடுவதில்லை. நிலா வெளிச்சத்தில் மீன் நூலைப் பார்த்துவிடும், பிடிப்பு விழாது. அந்த விடியல்களில் குளம் முழுவதும் காலியாக இருக்கிறது. 3.8 கிலோமீட்டரை முழுதாக நீந்திப் பார்க்கும் நாட்களை இப்போது நாங்கள் பஞ்சாங்கம் பார்த்துக் குறிக்கிறோம்.